மூன்று கேப்டன்களும் நாலாயிரம் சிங்கிகளும்

எங்களைப் பாதுகாக்க இத்தனை பேர் காத்திருக்கிறார்கள் என்பது, அந்த மே மாதம் ஸ்கார்விக் துறைமுகத்துக்குள் மூன்று போர்க்கப்பல்கள் வந்து நின்றபோதுதான் எங்களுக்குத் தெரிந்தது. அதுவரை பாதுகாப்பே இல்லாமல் இருந்திருக்கிறோம். ஒரு குறையும் தெரியவில்லை.

ஒரு கப்பல் நம் ராஜாவுடையது, அவர் இருக்கும் கோபன்ஹேகனிலிருந்து வந்தது. ஒன்று ஸ்வீடன், ஒன்று ரஷ்யா. அப்போது இங்கிலாந்து பிரான்சோடும் ஸ்பெயினோடும், போன டிசம்பரிலிருந்து ஹாலந்தோடும் சண்டை போட்டுக்கொண்டிருந்தது. நாங்கள் யாரோடும் சண்டை போடவில்லை. வெறுமனே சண்டை போடாமல் இருந்தால் போதாது, பீரங்கியோடு சண்டை போடாமல் இருக்க வேண்டும் என்று மூன்று அரசவைகளும் தீர்மானித்திருந்தன. அதற்குப் பெயர் ஆயுதமேந்திய நடுநிலை. அதன் ஸ்கார்விக் துணைக்குழு சுங்கக் கிடங்கின் மாடியில் கூடியது.

அந்த மாடிக்கு நேர் கீழே, துறையில், எங்கள் ஊர் மீனவர் செவரினின் படகு நின்றது. படகின் வயிற்றில் ஒரு பெரிய தொட்டி. அடிப்பலகையில் ஓட்டைகள். கடல் உள்ளே வந்து வெளியே போகும். தொட்டியில் நாலாயிரம் சிங்கி இறால்கள், உயிரோடு.

எங்கள் கடல் சிங்கிக்கு முன்னால் இரண்டு பெரிய கொடுக்குகள் உண்டு. ஆம்ஸ்டர்டாமில் வசதியானவர்கள் தட்டில் தேடுவது அந்தக் கொடுக்கைத்தான். வழக்கமாக ஹாலந்துப் படகுகளே வந்து வாங்கிப் போகும். இந்த வருஷம் இங்கிலீஷ்காரனுக்குப் பயந்து ஒன்றும் வரவில்லை. ஆகவே பதினாலு வீட்டுக்காரர்கள் எங்கள் பிடியை எல்லாம் செவரினை நம்பிக் கொடுத்தோம். அவர் கொண்டுபோய் விற்று, பார்லி வாங்கி வரவேண்டும். போன அறுவடை மழையில் போய்விட்டது. ஈஸ்டரிலிருந்தே நாங்கள் மாவில் பாதிக்குப் பாதி மரப்பட்டையை இடித்துக் கலந்து ரொட்டி சுட்டுக்கொண்டிருந்தோம்.

செவரின் பாயை அவிழ்த்தபோது குழுவின் எழுத்தர் போயெ ஒரு துடுப்புப் படகில் வந்து மறித்தார்.

"எங்க கெளம்பிட்டீங்க, செவரின்?"

"ஆம்ஸ்டர்டாமுக்குங்க."

"தனியாவா?"

"இல்லீங்க, சிங்கிங்க இருக்கே."

"வெளையாடாதீங்க. இங்கிலீஷ்காரன் புடிச்சா என்ன பண்ணுவீங்க?"

"அதுக்குத்தாங்க வேகமாப் போவேன்."

"அப்படி அவங்கவங்க இஷ்டத்துக்கு வேகமாப் போற காலம் போயிடுச்சு. இப்ப நமக்குக் கூட்டணி இருக்கு. பாதுகாப்போடதான் போகணும்."

"சரிங்க. பாதுகாப்பு எப்பக் கெளம்பும்?"

"அதைப் பேசத்தானே குழு உக்காந்திருக்கு!"

உண்மையில் குழு அப்போது உட்காரவில்லை, நின்றுகொண்டிருந்தது. நீள மேசையின் தலைமாட்டில் மூன்று கேப்டன்களில் யார் உட்காருவது என்பது முடிவாகவில்லை. வட்ட மேசை செய்யச் சொல்லிப் பீப்பாய் தச்சரிடம் ஆள் போயிருந்தது. தச்சர் நாலு நாளில் செய்தார். அது கதவு வழியே நுழையவில்லை. கதவை இடித்தார்கள். மேசை உள்ளே வந்ததும், ஜன்னலைப் பார்த்த இடம் எவருக்கு என்று இரண்டு நாள் போனது.

அந்த ஆறு நாளும் செவரின் விடியற்காலையில் தொட்டி மூடியைத் திறந்து பார்ப்பார். மலையில் பனி உருகும் காலம். ஆற்றிலிருந்து நல்ல தண்ணீர் துறைமுகத்துக்குள் இறங்கிக்கொண்டே இருந்தது. நல்ல தண்ணீர் சிங்கிக்கு விஷம்.

"இன்னைக்கு எத்தினி செத்துது?" என்று அவர் மனைவி அபெலோனா கரையிலிருந்து கேட்பாள்.

"பதினொண்ணு."

"நேத்து?"

"ஏழு. கேக்காத புள்ள. கேட்டா குறையுதா?"

அவருக்கு இருப்புக் கொள்ளவில்லை. பாயை அவிழ்ப்பார், மறுபடி சுருட்டுவார். கயிற்றை மாற்றிக் கட்டுவார். கிடங்கு மாடிப்படி வரை போய்த் திரும்புவார்.

ஏழாம் நாள் கூப்பிட்டார்கள்.

மேசையைச் சுற்றி மூன்று கேப்டன்கள். நம் ராஜாவின் கேப்டன் ப்ராக்கெ உயரமானவர், வாயைத் திறந்தால் அறிக்கைதான் வரும். ஸ்வீடன் கேப்டன் லில்யெக் ஒல்லி, கைக்குட்டையை மூக்கிலிருந்து எடுக்கவில்லை. ரஷ்யக் கேப்டன் சுபோதின் பெரிய உடம்பு, எல்லாவற்றுக்கும் தலையாட்டினார். எதற்காக ஆட்டுகிறார் என்று அவருக்கே பிறகுதான் தெரியவரும்.

"சரக்கு என்ன?" என்றார் ப்ராக்கெ.

"சிங்கிங்கய்யா."

"அதுகிட்ட ஆயுதம் எதாவது?"

செவரின் எழுத்தரைப் பார்த்தார். எழுத்தர் படிவத்தைக் காட்டினார். ஆயுதம் என்று ஒரு கட்டம் இருந்தது. அதை நிரப்பியாக வேண்டும்.

"ஆயுதம்னா… கொடுக்கு இருக்குங்க."

"எத்தனை?"

"ஆளுக்கு ரெண்டு."

"ஆக எட்டாயிரம்," என்றார் ப்ராக்கெ, முகம் மாறாமல். "எழுதிக்கோங்க, போயெ. இதை இவ்வளவு நாள் யாரும் நம்மகிட்ட சொல்லலையே!"

"அய்யா, கொடுக்கை எல்லாம் கட்டித்தாங்க வெச்சிருக்கு. கட்டலைன்னா ஒண்ணை ஒண்ணு வெட்டிச் சாப்ட்ரும்."

"எதால கட்டினீங்க?"

"சணல் நூலாலங்க. தண்ணில ஊறாம இருக்கத் தார்ல தோய்ச்சு, எங்க பொம்பளைங்க ஒக்காந்து ஒண்ணொண்ணாக் கட்டினாங்க."

லில்யெக்கின் கைக்குட்டை முதல்முறையாகக் கீழே இறங்கியது.

"தார்," என்றார் ப்ராக்கெ. "சணல். ரெண்டும் கப்பல் கட்டற சாமான். இங்கிலாந்தோட நம்ம ராஜா தனியாப் போட்ட உடன்படிக்கைப்படி ரெண்டுமே தடைச் சரக்கு. நீங்க தடைச் சரக்கை எதிரி நாட்டுக்குக் கொண்டு போறீங்க."

"நமக்கு எதிரியே கெடையாதுங்களே அய்யா?"

"நமக்கு இல்ல. அவங்களுக்கு. அவங்க எதிரி யாருன்னு நாம ஞாபகம் வெச்சுக்கிட்டாத்தான் நாம நடுநிலையா இருக்க முடியும்."

சுபோதின் தலையாட்டுவதை நிறுத்தினார். "இருங்க. எங்க மகாராணி கணக்குல தாரும் சணலும் தடைச் சரக்கே இல்ல. அதை நாங்கதானே விக்கறோம்! சணல் மேல கை வெச்சா அது ரஷ்யா மேல கை வெச்ச மாதிரி."

"எங்களுக்கும் தார் வியாபாரம் உண்டு," என்றார் லில்யெக். "ஆனா இது எங்க தார் இல்ல. வாசனையே சரியில்ல. எங்க தாரா இருந்தா நானே வாதாடுவேன்."

மூன்று நாள் பேசினார்கள். தொட்டியில் பதிமூன்று, ஒன்பது, பத்தொன்பது. நாலாம் நாள் எல்லோருக்கும் ஒத்த முடிவு வந்தது. சிங்கி நடுநிலைச் சரக்கு. நூல் தடைச் சரக்கு. சிங்கி போகலாம், நூல் போகக்கூடாது.

நூலை அவிழ்க்கக் கப்பல் சிப்பாய்களை அனுப்பினார்கள். அரை மணியில் ஐந்து பேர் விரலைப் பிடித்துக்கொண்டு கரை ஏறினார்கள். பிறகு, கட்டிய எங்களையே அவிழ்க்கச் சொன்னார்கள். போயெ பக்கத்தில் நின்று நூலை எண்ணிச் சாக்கில் போட்டார். எல்லா வீட்டுக்கும் மூத்தவளான ரான்வெய்க் மட்டும் கையை இடுப்பில் வைத்துக்கொண்டு அவரைப் பார்த்துக் கேட்டாள்:

"ஏன் தம்பி, நீ இங்கயே நிப்பியா? இன்னும் கொஞ்ச நேரத்துல உள்ள என்ன நடக்கும்னு பாத்துட்டுப் போ."

அதிக நேரம் ஆகவில்லை. தொட்டிக்குள் நகத்தால் பலகையைச் சுரண்டுவதுபோல ஒரு சத்தம் தொடங்கியது. தண்ணீர் கொதிப்பதுபோல் புரண்டது. செவரின் படி ஏறி ஓடினார்.

"அய்யா, அடிச்சிக்குதுங்க! எதாச்சும் செய்யுங்க!"

லில்யெக் எழுந்து ஜன்னல் வழியே சிறிது நேரம் பார்த்தார். "யாரு ஆரம்பிச்சது?"

"சிங்கிங்கய்யா! யார்னு எப்படிச் சொல்றது?"

"அப்ப நாங்க தலையிட முடியாது. ரெண்டு தரப்பு சண்டை போட்டா ஒதுங்கி நிக்கறதுதான் எங்க கொள்கையே. இதுல ஒரு சிங்கி பக்கம் நின்னோம்னா, நாளைக்கு எங்களை யார் நம்புவாங்க?"

சுபோதின் தலையாட்டினார். "ரொம்பச் சரி. ஆனா வருத்தம் தெரிவிக்கலாம்."

வருத்தம் தெரிவித்துக் குறிப்பு எழுதினார்கள். அந்த நேரத்தில் ரான்வெய்க் தன் கம்பளிக் காலுறையைக் கழற்றி, நுனியைப் பல்லால் கடித்து, நூலை உருவ ஆரம்பித்திருந்தாள். நாங்கள் எல்லோரும் அதையே செய்தோம். ஆட்டு மயிர் எந்த உடன்படிக்கையிலும் இல்லை. அன்று மாலைக்குள் மிச்சமிருந்த மூவாயிரத்துச் சொச்சம் சிங்கிகளும் சிவப்பும் சாம்பலுமாகக் கம்பளி கட்டிக்கொண்டு கிடந்தன. எங்கள் ஊரில் ஒருவர் காலிலும் காலுறை இல்லை.

இரண்டு நாள் கழித்துக் கப்பல்கள் புறப்படும் என்று பறையடித்துச் சொன்னார்கள். செவரின் அன்றுதான் சாப்பிட்டார். சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போதே எழுத்தர் போயெ ஒரு தாளோடு வந்தார்.

"நாளை மறுநாள் பன்னெண்டு மணிக்கு மரியாதை வேட்டு. முடிஞ்சதும் கெளம்பறோம். உங்க படகு நடுவுல நிக்கணும்."

"வேட்டா?" செவரினின் கையில் இருந்த ரொட்டி நின்றது. "எத்தினி?"

"ஒவ்வொரு கப்பலும் மத்த ரெண்டுக்கும் பதிமூணு பதிமூணா மரியாதை பண்ணணும். மொத்தம் எழுபத்தெட்டு. யார் முதல்ல சுடறதுங்கறதுல தகராறு வந்துது. மூணு பேரும் ஒண்ணா சுடறதுன்னு தீர்த்துட்டோம். ரொம்ப சிரமப்பட்டுத் தீர்த்தோம், செவரின்!"

எங்கள் கரையில் நடக்கத் தெரிந்த குழந்தைக்கும் இது தெரியும்: பெரிய இடி இடித்தால் சிங்கி பயந்து கொடுக்கை உதறிவிடும். பீரங்கி வெடித்தாலும் அப்படித்தான். கொடுக்கு மறுபடி முளைக்க வருஷம் ஆகும். அதனால்தான் இடி மழை நாளில் எங்கள் ஆட்கள் தொட்டியின் மேல் பாயையும் கம்பளியையும் போட்டு மூடிவிட்டு, தாங்களே அதன்மேல் படுத்துக்கொள்வார்கள்.

செவரின் வாயில் இருந்ததை விழுங்காமலே மாடிக்கு ஓடினார். பின்னாலேயே அபெலோனாவும்.

"அய்யா, சுடாதீங்க. உங்க கால்ல விழறேன். சுட்டா கொடுக்கு உதுந்துரும். கொடுக்கில்லாத சிங்கிய ஆம்ஸ்டர்டாம்ல நாய்கூட மோந்து பாக்காது. பதினாலு வீடு இதை நம்பி இருக்குங்க."

ப்ராக்கெ அவரை இரக்கத்தோடு பார்த்தார். "செவரின், நீங்க படிக்காதவர். வேட்டுச் சத்தத்துல கை கால் உதிருமா? அப்படிப் பாத்தா என் சிப்பாய்ங்க ஒருத்தன் கையோட இருக்க மாட்டான்."

"வேட்டு இல்லாம போனா என்னங்கய்யா கெட்டுப் போச்சு?" என்றாள் அபெலோனா.

மூவரும் திடுக்கிட்டுப் போனார்கள்.

"வேட்டு இல்லாமலா?" என்றார் லில்யெக். "ஏம்மா, நாங்க மூணு பேரும் நண்பர்கள்னு எப்படித் தெரியும்?"

"யாருக்குத் தெரியணும்?"

"எங்களுக்கு!" என்றார் சுபோதின். அவ்வளவு மனப்பூர்வமாக அவர் பேசி அதுவரை யாரும் கேட்டதில்லை. "அம்மா, அறுபது வருஷம் முன்னால எங்க கப்பல் வந்து இந்த ஸ்வீடன்காரர் ஊரைக் கொளுத்திச்சு. இவங்க ரெண்டு பேரும் அதுக்கு முன்னாலருந்தே வெட்டிக்கிட்டவங்க. தினமும் கொஞ்சம் சுட்டுக் காட்டலைன்னா, பக்கத்துல நிக்கறவன் எப்பச் சுடுவானோன்னு எனக்குத் தூக்கமே வராது."

ப்ராக்கெ நேர்மையானவர், எதையும் சோதிக்காமல் மறுக்கமாட்டார். சந்தேகம் தீரட்டும் என்று ஒரே ஒரு வேட்டுச் சோதனைக்கு உத்தரவு கொடுத்தார். செவரின் இறங்கி ஓடிப் படகை அடைவதற்குள் சுட்டுவிட்டார்கள். மலை இரண்டு முறை எதிரொலித்தது. தொட்டி மூடியைத் திறந்தபோது தண்ணீர் முழுக்க உடம்பில்லாத கொடுக்குகள் மிதந்து சுழன்றன, கம்பளி நூலோடு.

முன்னூற்றுப் பன்னிரண்டு சிங்கிகள். குழுவின் குறிப்பேட்டில் அது இப்படிப் பதிவாயிற்று: "முன்னூற்றுப் பன்னிரண்டு சிங்கிகள் கூட்டணியின் மேல் வைத்த நம்பிக்கையால் தாமாகவே ஆயுதம் களைந்தன. இது ஒரு நல்ல தொடக்கம்."

ஒரு வேட்டுக்கு முன்னூறு. எழுபத்தெட்டு வேட்டுக்கு எவ்வளவு என்று செவரின் போட்டுப் பார்க்கவே இல்லை. படகில் உட்கார்ந்து அந்தக் கொடுக்குகளை ஒவ்வொன்றாகப் பொறுக்கி வாளியில் போட்டார். அபெலோனா பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள்.

"யோவ், ஒண்ணு கேக்கறேன். வெளிய திரியற இங்கிலீஷ்காரன் கப்பல்ல பீரங்கி இருக்கா?"

"இருக்கும். சின்னதா ஆறு, எட்டு."

"உன்னப் பாத்தா மரியாதை வேட்டு போடுவானா?"

"எனக்கு எதுக்குப் போடறான்? புடிப்பான்."

"பாய இறக்கித் தொப்பிய ஆட்டினா?"

"அப்ப எதுக்குச் சுடறான், வெடிமருந்து என்ன சும்மாவா வருது." செவரின் நிமிர்ந்தார். "என்ன சொல்ல வர?"

"இவங்க பாதுகாப்பே நமக்கு வேணாம்யா. அவன் கையில போய் மாட்டிக்கோ."

"பித்துப் புடிச்சிருச்சா ஒனக்கு? சரக்க எடுத்துக்குவான்."

"எடுத்துக்கட்டும். சாப்பாட்டுச் சாமான எடுத்தா அவன் கோர்ட்டு வெல குடுக்கும்னு போன வருஷம் புடிபட்டு வந்த மாலுமி சொன்னானே, நீதானே எனக்குச் சொன்ன? இவங்க கிட்ட இருந்தா என்ன குடுப்பாங்க? குறிப்பு."

செவரின் வாளியைத் தள்ளி வைத்துவிட்டுப் பாய்க்கயிற்றைச் சரிபார்க்க ஆரம்பித்தார்.

மறுநாள் மதியம் கேப்டன்களுக்கு ரஷ்யக் கப்பலில் விருந்து. மூன்று ராஜ்ஜியத்துக்கும் கோப்பை உயர்த்த வேண்டும். எதற்கு முதலில் உயர்த்துவது என்ற பேச்சு மேல்தளத்திலிருந்து கரை வரை கேட்டது. கடல்நீர் இறங்கத் தொடங்கியதும் செவரின் பாயை விரித்தார். ஸ்வீடன் கப்பலின் காவல்காரன் எட்டிப் பார்த்தான்.

"யாரது, எங்க போற?"

"தொட்டித் தண்ணி மாத்த!"

"எங்க?"

"எங்க உப்பு அதிகமோ அங்க!"

காவல்காரன் யோசித்தான். அவனுக்குக் கொடுத்திருந்த உத்தரவில் உள்ளே வருகிறவர்களைப் பற்றித்தான் இருந்தது. கையை ஆட்டி விட்டுவிட்டான்.

இருபது நாள் ஒரு செய்தியும் இல்லை. அபெலோனா பாறைமேல் ஏறி நிற்பாள், இறங்குவாள், துணி துவைக்கப் போய்த் துவைக்காமல் திரும்புவாள். "நான்தானே அனுப்பினேன், ரான்வெய்க் அக்கா," என்பாள். "வரலைன்னா எந்த வீட்டு வாசல்ல போய் நிப்பேன்?" ரான்வெய்க் மரப்பட்டையை இடித்துக்கொண்டே இருந்தாள்.

இருபத்தோராம் நாள் படகு வந்தது, தண்ணீரில் நன்றாக அமிழ்ந்து. தொட்டியைச் சுற்றி மூட்டைகள்.

"புடிச்சானா?" என்று கரையிலிருந்தே கத்தினாள்.

"புடிச்சான்! ரெண்டாம் நாளே! நான்தான் தொரத்திப் போய்ப் பக்கத்துல நின்னேன். மொதல்ல அவன் பயந்துட்டான்!"

இங்கிலீஷ் துறைமுகத்தில் ஒரு நீதிபதி, எழுத்தர் ஒருவர், ஒரு காலை நேரம். படகு நடுநிலை, போகலாம். சாப்பாட்டுச் சரக்கு எங்களுக்கே வேண்டும், விலை இந்தா என்றாராம் நீதிபதி. கொடுக்கில்லாதவற்றைக்கூட சூப்புக்கு எடுத்துக்கொண்டார்களாம். அந்தக் காசில் அங்கேயே பார்லி வாங்கி ஏற்றியிருந்தார். அன்று மாலையே வீடு வீடாகப் பிரித்தாயிற்று. நாங்கள் பட்டை கலக்காமல் ரொட்டி சுட்டோம்.

மறுநாள் காலை குழு செவரினைக் கூப்பிட்டது. மூன்று போர்க்கப்பல்களும் நின்ற இடத்திலேயே நின்றன. காப்பாற்ற வேண்டிய படகு இல்லாததால் அவை கிளம்பியிருக்கவில்லை.

அபெலோனா ஒரு கூடையில் சூடான ரொட்டியும் வெண்ணெயும் எடுத்துக்கொண்டு கூடவே போனாள். கேப்டன்களின் கப்பல் பிஸ்கட்டில் புழு வைத்து ஒரு வாரம் ஆகியிருந்தது. வாசனை வந்ததும் பேச்சு நின்றது. மூவரும் எடுத்துக்கொண்டார்கள்.

"செவரின்," என்றார் ப்ராக்கெ, வெண்ணெய் தடவியபடி. "உங்க மேல எங்களுக்குக் கோபம் இல்ல. சந்தோஷம். ஒரு நடுநிலைப் படகை இங்கிலாந்து புடிச்சிருக்கு! இதுக்காகத்தானே நாங்க இங்க ஒக்காந்திருக்கோம். மூணு நாடும் சேர்ந்து கண்டனம் அனுப்பப் போறோம். முதல் தடவையா எங்க மூணு பேருக்கும் ஒரே கருத்து. சொல்லுங்க, எப்படியெல்லாம் கொடுமைப்படுத்தினாங்க?"

"டீ குடுத்தாங்கய்யா."

"வற்புறுத்தியா?"

"ரெண்டாவது கோப்பைக்குக் கொஞ்சம் வற்புறுத்தினாங்க."

"எழுதிக்கோங்க, போயெ."

லில்யெக் இன்னொரு துண்டை எடுத்தார். "ஆனா கண்டனத்துக்குச் சாட்சி வேணும். அவங்க குடுத்த விலையில வாங்கின பார்லி இருக்கே, அதுதான் குற்றத்தோட பலன். அதைப் பூராவும் கைப்பற்றி மூணு பங்காப் போட்டு மூணு தலைநகருக்கும் அனுப்பணும்."

"ஒரு மணி விடாம," என்றார் சுபோதின், வாய் நிறைய.

செவரின் படிப்பக்கம் ஓடப் பார்த்தார். அபெலோனா மட்டும் அசையவில்லை. மூவரும் நன்றாக வாயில் போட்டுக்கொள்ளும்வரை காத்திருந்தாள்.

"கைப்பற்றுங்கய்யா, வேணாங்கல. ஆனா ஊர்ல இருந்ததெல்லாம் இடிச்சுச் சுட்டாச்சு. கடைசி மாவுல சுட்டதுதான் இது." கூடையைக் காட்டினாள். "சாட்சி இப்ப உங்க வாயிலதான் இருக்கு."

அவள் சொன்னது முழு உண்மை இல்லை. பதினாலு வீட்டு மச்சிலும் மூட்டைகள் இருந்தன. என் வீட்டில் இரண்டு. இப்போது சொன்னால் ஒன்றும் ஆகாது.

போயெயின் பேனா நின்றது. மூன்று கேப்டன்களும் மெல்வதை நிறுத்தினார்கள். துப்பினால் மற்ற இரண்டு அரசுகளின் முன்னால் துப்பியதாகும். விழுங்கினால் சாட்சியை அழித்ததாகும். கன்னம் உப்ப, கண்கள் மட்டும் உருள, ஒருவரை ஒருவர் பார்த்தபடி மூவரும் அந்த வட்ட மேசையைச் சுற்றி உட்கார்ந்திருந்தார்கள்.

செவரினும் அபெலோனாவும் கும்பிடு போட்டுவிட்டு, இடித்த கதவு வழியே இறங்கி வீட்டுக்கு வந்தார்கள். மத்தியானமாயிற்று. மாடியிலிருந்து ஒரு சத்தமும் இல்லை. யார் முதலில் விழுங்குவது என்பது பற்றி ஒப்பந்தத்தில் ஒரு வரிகூட இல்லையாம்.